பதிமூன்று வருடம் ஆணி அடித்தவனுக்கு

தம்பி,

உன் பெயர் போட்ட அழைப்பிதழ் ஒன்று என் கடை மேஜை மேல் கிடக்கிறது. வழவழவென்று கனமான தாள், கை வைத்தால் விரல் ரேகை பதிகிற ரகம். பத்து நாளாக அதைக் குப்பையில் போட நினைக்கிறேன், மனசு வரவில்லை. நீ வரைந்த அல்சூர் ஏரியை முன்பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பினால்தான் எனக்கு வயிறு எரிகிறது. இங்கிலீஷில் இரண்டே வரி. பெல்ஜியத்தில் பிறந்து பெங்களூரைத் தன் ஊராக்கிக்கொண்ட ஓவியராம் நீ. பொழுதுபோக்காக டிரம்ஸும் வாசித்தவராம்.

பொழுதுபோக்காக! எனக்கு இங்கிலீஷ் சரியாகப் புரியவில்லையோ என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் வேறு காட்டிக் கேட்டேன். "ஆமாங்க, டைம் பாஸுக்குன்னு அர்த்தம்" என்றார் அந்த மனுஷன், சிரித்துக்கொண்டே. நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் என்ன பாவம் செய்தார், சொல்.

நாலு வயதில் அம்மாவின் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தவன் நீ. பதினெட்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராக, கப்பலில்கூட வாசித்தவன். சாப்பிடும்போது டம்ளரில் தாளம், பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் தாளம், எனக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்த அன்றுகூட கட்டில் காலில் தாளம். நான்தான் "கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா" என்று கத்தினேன். அப்படிப்பட்டவனுக்குப் பொழுதுபோக்காம். இவர்களுக்குப் பொழுது போகவில்லையென்றால் ஏரிக்கரையில் உட்கார்ந்து கடலை கொறிக்க வேண்டியதுதானே, எதற்கு உன் வாழ்க்கையை எடுத்து எழுத வேண்டும்?

சண்டை போடுவதற்காகவே நேற்று அந்தக் கண்காட்சிக்குப் போனேன். போட்டேன். என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் அதற்கு முன்னால் தொண்ணூற்றொன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

அல்சூர் மார்க்கெட் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை, அப்பா எனக்கு விட்டுப்போனது. முருகன், லட்சுமி, பெருமாள், அப்புறம் செத்துப்போனவர்கள். என் தொழில் அவ்வளவுதான். ஒரு நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு பெரிய மர வளையம் இறங்கியது, பின்னாலேயே நீ இறங்கினாய். ஒல்லி, நல்ல உயரம், வெயிலில் வெந்து தோலுரிந்த மூக்கு. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மின் விளிம்பு வளையம் அது, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மரம் ஒட்டுகிறவர்கள் எங்கே என்று நீ கேட்கப் போக, ஹோட்டலில் யாரோ என் கடையைக் கை காட்டிவிட்டிருக்கிறார்கள்.

"இது சாமி பட கடைங்க. டிரம் ரிப்பேரெல்லாம் இங்க கிடையாது" என்றேன். உனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சிரித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாய். எழுந்திருக்கிற வழியைக் காணோம். வேறென்ன செய்வது? பசை வைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தாய். வளையத்தைக் காதோடு வைத்து, விரலால் சுண்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். அதற்கு முன்னால் என் வேலையை யாரும் காது வைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

நாலு பேராக வந்தீர்கள். பெரிய ஹோட்டலில் மூன்று மாதம் ஜாஸ் வாசிக்க ஒப்பந்தம். முடிந்ததும் மூன்று பேர் விமானம் ஏறிவிட்டார்கள், நீ மட்டும் அந்த ஹோட்டலின் சொந்த பேண்டில் சேர்ந்து நின்றுவிட்டாய். ஏன் போகவில்லை என்று பிற்பாடு கேட்டேன். அதற்குள் எங்கள் ஜீவனஹள்ளி குழாயடியில் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாய். "அங்க என்ன மாதிரி நூறு பேர் இருக்கான் அக்கா. இங்க நான் ஒருத்தன்தான்" என்றாய். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது, என்னமோ இந்த ஊரே என்னுடையது மாதிரி.

ஹோட்டலில் தந்த அறை ஒப்பந்தத்தோடு போயிற்று. வீடு வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றாய். ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்கு அடுத்த சந்தில், ராமமூர்த்தி சாரின் மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ரிடையர் ஆனவர், மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். வெள்ளை வேட்டி, நெற்றியில் கீற்று, கையில் எப்போதும் பேப்பர். அதற்கு முன் குடியிருந்தவர்களை, ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள் என்று ஒரே வாரத்தில் காலி பண்ண வைத்துவிட்டார் என்று சந்து முழுக்கப் பேச்சு. நானும் அந்தப் பேச்சைப் பேசியவள்தான்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கி உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா வேலை செய்றார் இவர்?"

நான் வாயைத் திறந்தேன். டிரம்ஸ் வாசிக்கிறவர் என்று சொல்லத்தான் திறந்தேன். கொட்டு அடிக்கிறவனுக்கு இந்தச் சந்தில் எவன் வீடு தருவான் என்று ஒரு நிமிடத்தில் பயம் வந்துவிட்டது. அதுமட்டுமில்லை. இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவள், கொட்டு அடிக்கிறவனுக்கு வீடு கேட்டு அலைகிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று இருந்தது. இந்தப் புத்தி எனக்கும் இருந்தது தம்பி.

"ஆர்ட்டிஸ்ட் சார். படம் வரையறவர். சட்டம் போட என் கடைக்குத்தான் வருவார்."

"ஓஹோ. சத்தம் கித்தம் இருக்காதே?"

"படம் வரையறதுல என்ன சார் சத்தம்?"

நீ பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாய். தெருவுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாய், பிறகு முகம் மாறிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு படம்கூட வரைந்ததில்லையே என்றாய். வீடு கிடைத்ததா இல்லையா, அதைப் பார் என்றேன்.

ராமமூர்த்தி சார் லேசுப்பட்டவரா? முதல் ஞாயிற்றுக்கிழமையே படங்களைப் பார்க்க மாடிக்கு வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை நீ பதறிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாய். என்னிடம் ஓவியத் துணி ஏது? உன் பையில் தேய்ந்துபோன டிரம் தோல் ஒன்று இருந்தது. பெயர்தான் தோல், வட்டமான வெள்ளை பிளாஸ்டிக், மேலே சொரசொரவென்று பூச்சு. குச்சி விழுந்து விழுந்து நடுவில் பூச்சு போய்க் கருத்திருந்தது. பழைய சட்டங்களுக்குப் பூசுகிற எனாமல் பெயிண்ட் என்னிடம் மூன்று டப்பா இருந்தது. கறுப்பு, சிவப்பு, தங்கம். "இந்தா, இதுல எதையாவது போடு" என்றேன். கடைக்குப் பின்னால் மரம் அறுக்கிற இடத்தில் குந்திக்கொண்டு, ராமமூர்த்தி சாரின் வீட்டையே வரைந்தாய். வாசல் படி, கம்பி கேட், தொட்டியில் கனகாம்பரம். நடுவில் கருத்துக் கிடந்த இடத்தை மட்டும் தொடவில்லை.

"அங்க ஏன் விட்டுட்டே? அழுக்கா இருக்கு பாரு" என்று ஈரத்துணியை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். அது அழுக்கில்லை, மூன்று மாதம் வாசித்தது அங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னாய். பிறகு தமிழ் வந்ததும் இன்னும் நன்றாகச் சொன்னாய். "அது ஏற்கனவே வரைஞ்சாச்சு அக்கா. நான் சுத்திலும்தான் போடறேன்."

ராமமூர்த்தி சார் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாராம். அதை நீ அவருக்கே கொடுத்துவிட்டாய். அவர் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டார். அப்பாடா என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்புறம் வீட்டில் வாசித்துப் பழகுவது எப்படி என்ற கேள்வி. தினம் இரண்டு மணி நேரமாவது கை அசையாவிட்டால் உனக்கு ஆகாது. அதற்கும் நான்தான் யோசனை சொன்னேன். என் வீட்டிலிருந்து பழைய கம்பளிப் போர்வை இரண்டு கொண்டுவந்து, டிரம்ஸ் மேல் எல்லாம் மூடிக் கட்டினேன். போர்வை மேல் அடித்தால் டொக் டொக் என்று செத்த சத்தம்தான் வரும். யாராவது கேட்டால் படத்துக்குச் சட்டம் அடிக்கிறேன், ஆணி அடிக்கிறேன் என்று சொல் என்றேன். நீ அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாய். ராமமூர்த்தி சார் ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார். "மேல என்னம்மா, டொக் டொக்குனு?" "ஆணி அடிக்கிறார் சார், சட்டத்துக்கு" என்றேன். "ஓ" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எப்படி ஏமாற்றினோம் பார் என்று உன்னிடம் வந்து பீற்றிக்கொண்டேன்.

பொய்யை நிரூபிக்க மாதம் ஒரு படமாவது வேண்டியிருந்தது. தோல் தேயத் தேய வரைந்தாய். ஏரி, மார்க்கெட்டில் பூக்கட்டுகிற கைகள், பதினைந்து பேர் தொங்குகிற பஸ். வரைய வரைய உனக்கும் கை வந்துவிட்டது, அது வேறு விஷயம். என் கடைச் சுவரில் இரண்டை மாட்டினேன். சாமி படத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அப்புறம் காரில் வருகிறவர்கள் கேட்டார்கள். அப்புறம் கண்காட்சி, பேட்டி. நேற்று அந்தக் கூடத்தில் உன் படங்களைப் பற்றி ஒரு புத்தகமே விற்றார்கள். அதில் ஒரு பெரிய மனுஷன் எழுதியிருக்கிறார், உன் தங்க நிறம் இந்திய ஆன்மிகத்தின் ஒளி என்று. அட கடவுளே! அது லட்சுமி பட சட்டத்துக்குப் பூசி மீந்த அரை டப்பா பெயிண்ட். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜாஸைக் கேட்க நான் வந்தது தொண்ணூற்று மூன்றில். கன்டோன்மென்டில் ஒரு பழைய ஹாலில் ஞாயிறு மத்தியானம் நீங்கள் ஐந்து பேர் வாசிப்பீர்கள். கேட்க வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். எனக்கு அந்தப் பாட்டு ஒன்றும் பிடிபடவில்லை, தலை எது வால் எது என்று தெரியவில்லை. பிறகு மற்றவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள், நீ மட்டும் கம்பித் தூரிகை மாதிரி எதையோ எடுத்துத் தோல் மேல் தேய்த்தாய். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். அவ்வளவு மெல்ல. பக்கத்தில் இருந்தவர் இருமலை அடக்கிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொட்டு அடிக்கிறவன் என்று சொல்லக் கூசினோமே என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டு என்ன? மறுநாளே போய் ராமமூர்த்தி சாரிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லையே. வீடு போய்விடுமே என்ற பயம்.

உன் வாசிப்பின் மென்மையைப் பற்றிப் பேப்பரில்கூட எழுதினார்கள். கீழைத் தத்துவத்தில் தோய்ந்த அடக்கம் என்று என்னமோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நீ சொன்னது எனக்கு மறக்காது. "தத்துவம் இல்லே அக்கா, கம்பளி. போர்வை மேல பழகிப் பழகி, சத்தமா அடிக்கறதே கைக்கு மறந்துபோச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

தொண்ணூற்று ஏழில் அந்தக் கடிதம் வந்தது. உங்கள் நாட்டில் பெரிய பியானோக்காரர் ஒருவர், முந்தின குளிர்காலத்தில் பெங்களூர் வந்தபோது உன்னைக் கேட்டிருக்கிறார். ஒரு வருடம் கூடவே வந்து வாசிக்க வேண்டும், ஐரோப்பா முழுக்கக் கச்சேரி, ரிக்கார்டும் போடலாம் என்று எழுதியிருந்தார். நீ அதை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். அதே வாரம் ஹெப்பகோடி பக்கம் புதிதாகக் கட்டிய கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. வரவேற்பறைச் சுவருக்கு இருபத்துநாலு படம். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றிலும் கம்பெனியின் நீலம் இருக்க வேண்டும். சோபாவும் அதே நீலமாம்.

என் முக்காலியில் உட்கார்ந்து கேட்டாய். "அக்கா, சும்னே, சும்மா சொல்லு. நான் யாரு? எந்த வேலைக்காரன்?"

நீ கேட்டது கேள்வி இல்லை, கெஞ்சல். இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் ரம்பத்தைக் கீழேகூட வைக்கவில்லை.

"இதுல என்னப்பா சந்தேகம்? படம் வரையறவன். உனக்குச் சோறு போடறது எது? டிரம்ஸைக் கேக்க முப்பது பேர் வர்றான். படத்துக்குக் கம்பெனியே வருது. புத்தியோட பொழைச்சுக்கோ."

"ஓகே அக்கா" என்றாய். அவ்வளவுதான். ஏன் தம்பி அப்படிச் சொன்னாய்? போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று ஏன் கத்தவில்லை? என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது. சண்டை போடத் தெரியாத ஆளை எங்கேயிருந்துதான் அனுப்பினார்களோ!

இருபத்துநாலு படத்துக்குத் தேய்ந்த தோல் உன்னிடம் ஏழுதான் இருந்தது. மீதிப் பதினேழுக்குக் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து புத்தம்புதுத் தோல்களை வரவழைத்துக் கொடுத்தார்கள். நடுவில் கறுப்பு இல்லாமல் படம் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள், அதுதான் உன் முத்திரையாம். அப்புறம் என்ன நடந்தது? பதினேழு தோலையும் ஒன்று மாற்றி ஒன்று மாட்டி, கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, தேய வைப்பதற்காகவே அடித்தாய். பாட்டு இல்லை, தாளம் இல்லை. ரம்பச் சத்தத்துக்கு நடுவில் சட சட சடவென்று, காலையிலிருந்து சாயங்காலம் வரை, மூன்று வாரம். இரண்டாவது நாள் டீ கொண்டுவந்தபோது முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். "இது வாசிக்கறது இல்லே அக்கா. துணி தோய்க்கறது" என்றாய். மூன்றாவது வாரம் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் தைலம் தேய்த்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்த மாதிரி.

அந்த மணிக்கட்டு சரியாகவே இல்லை. பியானோக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். நம் ஹோட்டலில் பேண்டையே எடுத்துவிட்டு, கீபோர்டு வாசிக்கிற ஒருவரை மட்டும் வைத்தார்கள். டிரம்ஸ் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம், பொத்தானை அமுக்கினால் போதுமாம். நீ அதைச் சொன்னபோது நான் அந்த மேனேஜரைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் தம்பி, அவர் செய்ததை நான் முன்னாலேயே செய்துவிட்டேனே. அவர் பெட்டிக்குள் வைத்தார், நான் போர்வைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஹாலை நீ விடவில்லை. வலிக்கிற கையோடு போனாய். இரண்டாயிரத்து நாலில் ஊருக்குப் போய் உன் அக்காவைப் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாய். அங்கேயே மாரடைப்பு. உன் அக்கா எழுதிய கடிதத்தில், கடைசி வாரம்கூட அங்கே ஒரு சின்ன இடத்தில் வாசித்தான் என்று இருந்தது. கடைசி வாரம்! ஓவியம் போட்டான் என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. கூடப் பிறந்தவளுக்குத் தெரிந்திருந்தது, நீ யார் என்று.

அதனால்தான் அந்த அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று நாலு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு, ஆட்டோ பிடித்துப் போனேன். ஏசி கூடம், வெள்ளைச் சுவர், தட்டில் ஜூஸ் ஏந்திக்கொண்டு ஆட்கள் நடக்கிறார்கள். உன் படங்களுக்குக் கீழே தொடாதீர்கள் என்று சீட்டு. ராமமூர்த்தி சார் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எண்பதைத் தாண்டிவிட்டார் இப்போது. நீ வரைந்த அவர் வீட்டுப் படத்தைக் கண்காட்சிக்கு இரவல் கொடுத்திருக்கிறாராம். அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேராகப் போய், எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

"யார்மா இதை எழுதினது? அவன் டிரம்ஸ் வாசிக்கறவன். அதுதான் அவன் வேலை. பொழுதுபோக்குன்னு எப்படி எழுதலாம்? யாரைக் கேட்டு எழுதினீங்க?"

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அந்தப் பெண் பயந்துவிட்டாள், நல்ல பெண்தான். "மேடம், உங்களைக் கேட்டுத்தான் எழுதினோம்" என்றாள்.

"என்னையா? நான் எப்ப சொன்னேன்?"

அவள் பையிலிருந்து சின்ன ரிக்கார்டரை எடுத்தாள். ஆறு மாதம் முன்னால் கடைக்கு வந்து என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டவள் அவள்தான், எனக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. பொத்தானை அமுக்கினாள். ரம்பச் சத்தம், ஸ்கூட்டர் ஹார்ன், நடுவில் என் குரல். "பெரிய ஆர்ட்டிஸ்ட்மா அவன். டிரம்ஸெல்லாம் சும்மா, பொழுது போகலேன்னா அடிப்பான்."

என் குரல்தான். பதிமூன்று வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், நீ செத்துப்போன பிறகும் என் வாயிலிருந்து தானாக வந்திருக்கிறது. யாருக்குப் பயந்து சொன்னேன்? நீயே இல்லை, மாடி வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஆனாலும் சொல்லியிருக்கிறேன். அங்கேயே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது.

"நான் சொன்னது பொய்மா" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன். "வீடு கிடைக்கணும்னு சொன்ன பொய். அவன் படம் வரையவே தெரியாதவன். ஓனர் வந்து பாக்கறேன்னு சொன்னதால வரைய ஆரம்பிச்சான். இவர்தான் அந்த ஓனர்." ராமமூர்த்தி சார் பக்கம் திரும்பினேன், கைகூப்பினேன். "சார், உங்களையும் ஏமாத்திட்டேன். அவன் ஆணி அடிக்கலே. போர்வையைப் போட்டு மூடிக்கிட்டு டிரம்ஸ் வாசிச்சான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. என்னமோ குழந்தை ஒன்று தெரிந்த விஷயத்தையே வந்து சொன்ன மாதிரி பார்த்தார்.

"ஏம்மா, பதிமூணு வருஷம் ஆணி அடிச்சா என் வீடு நிக்குமா? ஆணி அடிக்கறவன் தாளத்தோடயா அடிப்பான்? முதல் வாரமே தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

"ஏன் சும்மா இருக்கக் கூடாது? நல்லாத்தானே வாசிச்சான்."

"ரேடியோ சத்தத்துக்கே ஒரு குடும்பத்தைக் காலி பண்ண வெச்சீங்களே சார்."

"யார் சொன்னது? அந்தக் குடித்தனக்காரன் குடிச்சுட்டு வந்து பெண்டாட்டியை அடிச்சான். அந்தச் சத்தம் வெளியில கேக்கக் கூடாதுன்னு ரேடியோவைப் பெருசா வெச்சான். அதுக்கு அனுப்பினேன்." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என் வீட்டம்மா படுக்கையில கிடந்தாளே, கடைசி நாலு வருஷம், அவளுக்கு இவன் வாசிப்புதான் பொழுதே. மத்தியானம் ஆனா காதைக் கூரைப் பக்கம் வெச்சுக்கிட்டுக் கிடப்பா. அந்தத் துணியை எடுத்துட்டு வாசிக்கச் சொல்லுங்கோன்னு என்கிட்ட சொல்லிண்டே இருப்பா. நான்தான் போய்ச் சொல்லலே. பாவம், வெளியூர் மனுஷன், எதுக்கோ கூச்சப்பட்டு மூடி வெச்சிருக்கான், நாம கேட்டா சங்கடப்படுவானேன்னு, பேடா, வேண்டாம்னு விட்டுட்டேன்."

நான் என்ன செய்தேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. அழைப்பிதழை இனிமேல் மாற்ற முடியாது, சுவரில் ஒட்டியிருக்கிறதை மட்டும் திருத்துகிறோம் என்று அந்தப் பெண் பின்னாலேயே வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறது. திருத்தட்டும். நாளைக்கே மறுபடியும் போய்ப் பார்ப்பேன், திருத்தியிருக்காவிட்டால் நேற்றுப் போட்டதைவிடப் பெரிய சண்டை போடுவேன். இனி யார் வந்து கேட்டாலும், நீ டிரம்ஸ் வாசிக்கிறவன், படமும் வரைவாய், அந்த வரிசையில்தான் சொல்வேன். என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

மேஜை மேல் கிடக்கிற அந்த இரண்டு வரிக்காகக் கோபப்பட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது யார் மேல் கோபப்படுவது? ராமமூர்த்தி சார் மரியாதைக்காகக் கேட்கவில்லை. நீ மரியாதைக்காக என்னை எதிர்க்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தி பயந்தேன், யாரும் கேட்காமலே. என்னோடு இருக்கப் போவது இதுதான். காலையில் கடையைத் திறக்கும்போதும் இருந்தது, இதை எழுதி முடித்த பிறகும் இருக்கும். கீழே ஒரு அம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்துக் கிடந்திருக்கிறாள், மேலே நீ என் போர்வையைக் கட்டிக்கொண்டு அடக்கி அடக்கி வாசித்திருக்கிறாய். பதிமூன்று வருடமும் நீ சத்தமாகவே வாசித்திருக்கலாம் தம்பி.

அக்கா